அஷ்டமி நாளில் படகை இறக்குங்கள்: சிங்கப்பூரில் சிறு பாய்மரப் படகு பழகுவோருக்கு

சிறு பாய்மரப் படகோட்டத்தைச் சொல்லித்தரும் கையேடுகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக் கடலை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே காற்று பலமாக வீசும், தண்ணீர் உடம்பை விறைக்கவைக்கும். அதனால் அந்தப் புத்தகங்கள் கவிழ்வதைப் பற்றியே அதிகம் கவலைப்படுகின்றன. நம் ஊரில் கதை வேறு. கடல்நீர் ஆண்டு முழுவதும் கிட்டத்தட்ட 27 முதல் 31 டிகிரி வரைதான். கவிழ்ந்தால் ஒரு குளியல், அவ்வளவுதான். இங்கே புதியவரைத் திணறவைப்பவை மெல்லிய காற்று, நீரோட்டம், மின்னல். இவற்றில் நீரோட்டத்தைத்தான் பல வகுப்புகளில் கடைசி ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிறார்கள். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பது எங்கள் கட்சி.

பழக இடத்துக்குக் குறைவில்லை. ஈஸ்ட் கோஸ்ட் பார்க்வேயில் தேசியப் பாய்மரப் படகு நிலையம் இருக்கிறது. சாங்கியில் நெதரவோன் சாலையில் சாங்கி செய்லிங் கிளப் உண்டு. மக்கள் கழகத்தின் பேஷன் வேவ் நிலையங்களிலும் நீர் விளையாட்டு வகுப்புகள் நடக்கின்றன. எங்கே சேர்ந்தாலும் பெரும்பாலும் உயிர்காப்பு அங்கியோடு 50 மீட்டர் நீந்திக்காட்டச் சொல்வார்கள். நீச்சலில் புலியாக இருக்க வேண்டியதில்லை. முகத்தில் தண்ணீர் அடித்தால் பதறாமல் இருக்க முடிந்தால் போதும்.

இடத்துக்கு இடம் கடல் மாறும். ஈஸ்ட் கோஸ்ட் தெற்கு நோக்கிய திறந்த கடல். எதிரே நங்கூரமிட்ட கப்பல்கள் வரிசையாக நிற்கும், ஃபெரி கிளப்பிவிடும் அலை வந்து மோதும். சாங்கியில் எதிரே உபின் தீவு. தண்ணீர் தட்டையாக இருந்தாலும் நீரிணை குறுகலானது என்பதால் ஓட்டம் அங்கே ஒடுங்கிப் பாயும். பயணிகளை ஏற்றிச்செல்லும் பம்போட்டுகள் குறுக்கும் நெடுக்குமாகப் போய்வரும். கொஞ்சம் அசந்து அடித்துக்கொண்டு போனால் மலேசிய எல்லை வந்துவிடும். பயிற்றுவிப்பாளர் காட்டும் மிதவைகளைத் தாண்டக்கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

நாட்காட்டியும் நீரோட்டமும்

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓரிரு நாள் பின்னால் கடலின் ஏற்றமும் வற்றமும் உச்சமாக இருக்கும். சிங்கப்பூரில் அந்த நாட்களில் உயர்ந்த நீருக்கும் தாழ்ந்த நீருக்கும் இடையே 3 மீட்டர் அளவுக்கு வித்தியாசம் வரலாம். அஷ்டமியை ஒட்டி நிலா பாதியாகும்போது அது வெகுவாகக் குறையும். நவமி, தசமி வாக்கில்தான் ஓட்டம் மிக மந்தம். நல்ல காரியம் எதையும் நாம் அஷ்டமி நவமியில் தொடங்குவதில்லை. படகு பழகுவதற்கு மட்டும் அந்த வார இறுதிதான் சுபமுகூர்த்தம். வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியே இதற்குப் போதும்.

சரியான நேரம் வேண்டுமானால் சிங்கப்பூர் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் ஆண்டு அட்டவணையைப் பார்க்க வேண்டும். அதில் நீர்மட்டம் ஒரு பட்டியல், நீரோட்டம் வேறொரு பட்டியல். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். ‘ஏற்றம் முடிந்தது, ஆகவே ஓட்டமும் நின்றிருக்கும்’ என்ற கணக்கு சிங்கப்பூர் நீரிணையில் பலிக்காது. நீரிணையின் இரு முனைகளும் இரு வேறு பெருங்கடல்களின் பக்கம் திறந்திருக்கின்றன. அந்த முனைகளில் நீர்மட்டம் எப்படி வேறுபடுகிறதோ அதற்கேற்ப இங்கே தண்ணீர் ஓடும். நீர்மட்டம் உச்சத்தில் இருக்கும்போதே ஓட்டம் வேகமாக இருக்கலாம்.

நீர்மட்டப் பட்டியலுக்கு வேறு வேலை உண்டு. திரும்பி வரும்போது படகை இறக்கி ஏற்றும் சாய்தளத்தில் தண்ணீர் இருக்குமா என்று அது சொல்லும். தோராயக் கணக்குக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு முறையே போதும். ஏற்ற வற்ற வித்தியாசம் 2.4 மீட்டர் என்று வையுங்கள். வற்றத் தொடங்கிய முதல் மணி நேரத்தில் 0.2 மீட்டர் இறங்கும், இரண்டாவதில் 0.4, மூன்றாவதிலும் நான்காவதிலும் 0.6 வீதம், பிறகு 0.4, கடைசியில் 0.2. அதாவது நடு இரண்டு மணி நேரத்திலேயே பாதித் தண்ணீர் போய்விடும். காலை ஒன்பதுக்கு உயர்ந்த நீரில் சொகுசாக இறக்கிய படகைப் பிற்பகல் ஒரு மணிக்குப் பாசி படிந்த வழுக்குத் தளத்தில் இழுத்தேற்ற வேண்டியிருக்கும். ஒரே நாளில் வரும் இரண்டு ஏற்றங்களும் சம உயரமாக இருப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஓட்டத்தின் வேகத்தை மீட்டரில் யோசிப்பது நல்லது. ஒரு நாட் (மணிக்கு ஒரு கடல்மைல்) ஓட்டம் நிமிடத்துக்குச் சுமார் 30 மீட்டர் நகர்த்தும். நீங்கள் பாயைச் சரிசெய்துகொண்டு 20 நிமிடம் கவனிக்காமல் இருந்தால் 600 மீட்டர் தள்ளிப்போயிருப்பீர்கள். 5 நாட் காற்றில் சிறு படகு தண்ணீரில் இரண்டரை நாட் வேகம் போனால் பெரிது. அதுவும் எதிர்காற்றில் குறுக்கும் நெடுக்குமாகப் போக வேண்டும் என்பதால், காற்றின் திசையில் உண்மையாக முன்னேறுவது இரண்டு நாட்டுக்கும் குறைவு. காற்றும் 2 நாட் ஓட்டமும் ஒரே பக்கமிருந்து வந்தால், கீழிறங்கும் எஸ்கலேட்டரில் மேலேற முயல்வது போலத்தான். பாய் நிறைந்திருக்கும், படகின் இருபுறமும் தண்ணீர் சலசலக்கும், கரையிலிருக்கும் மரம் மட்டும் நகராது.

ஆகவே கரையில் நிற்கும்போதே ஓட்டத்தைப் படித்துவிடுங்கள். நங்கூரமிட்ட கப்பல்களைப் பாருங்கள். காற்று மெல்லியதாக இருந்தால் அவை ஓட்டம் வரும் திசைக்கு மூக்கைக் காட்டி நிற்கும். எல்லாக் கப்பல்களும் வெவ்வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றால் ஓட்டம் திசை மாறும் நேரம் என்று பொருள். மிதவைகளுக்குப் பின்னால் நீளும் சுழியும் திசையைக் காட்டும், மிதவை சாய்ந்திருக்கும் அளவு வேகத்தைச் சொல்லும். கடலில் இறங்கியபின் நிலையான இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் வைத்துப் பாருங்கள். முன்னால் ஒரு விளக்குக் கம்பம், பின்னால் ஒரு வீவக (வீட்டு வசதி வளர்ச்சிக் கழக) கட்டடம். பின்னால் உள்ள கட்டடம் கம்பத்துக்கு வலப்பக்கம் ஒதுங்கத் தொடங்கினால் நீங்களும் வலப்பக்கம் நகர்கிறீர்கள். கப்பலை அடையாளமாக எடுக்காதீர்கள். அது நங்கூரத்தைச் சுற்றி ஊசலாடும்.

முதல் நடையை எப்போதும் ஓட்டத்துக்கு எதிராகத் தொடங்குங்கள். களைத்த பிறகு தண்ணீரே உங்களைத் திரும்பக் கொண்டுவந்து விடும். இதைத் தலைகீழாகச் செய்தவர்களைத்தான் மீட்புப் படகு கயிறு கட்டி இழுத்துவருகிறது.

காற்று வரும் மாதங்கள்

டிசம்பரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவக்காற்று. ஜனவரி கடைசியிலிருந்து மழை ஓய்ந்து காற்று மட்டும் நிற்கும். ஆண்டிலேயே நல்ல காற்று அப்போதுதான். ஆனால் ஈஸ்ட் கோஸ்டில் அந்தக் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். கரையோரத் தண்ணீர் குளம்போல் அமைதியாகத் தெரிவதைப் பார்த்து ஏமாறக்கூடாது. அடுக்குமாடிகளின் மறைவில் துண்டு துண்டாக வரும் காற்று, 300 மீட்டர் தள்ளிப்போனதும் முழு வேகத்தில் பிடிக்கும். ஏதாவது உடைந்தால் படகு கரைக்கு வராது, கப்பல்கள் பக்கம் போகும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, தெற்கும் தென்கிழக்குமாகக் கடலிலிருந்து கரைக்கு வீசும். அப்போது புறப்படுவதுதான் சிரமம், திரும்புவது சுலபம். இடைப்பட்ட ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் காலையில் காற்றே இருக்காது. பிற்பகலில் கடற்காற்று கொஞ்சம் தலைகாட்டும், கூடவே இடியும் வரும். புதியவர் சேர ஏற்றது ஜூன், ஜூலை என்பது எங்கள் அபிப்பிராயம். காற்று மிதமாக இருக்கும், தப்பு நடந்தாலும் படகு கரைக்கே ஒதுங்கும்.

எந்தப் படகு

பிள்ளைகளுக்கு ஆப்டிமிஸ்ட். 2.3 மீட்டர் நீளம், 35 கிலோ உடல், பெட்டிபோல் சதுர மூக்கு. 15 வயது வரை அதில் போட்டியிடலாம். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இல்கா, அதாவது பழைய லேசர். 4.2 மீட்டர் நீளம், வெறும் உடல் 59 கிலோ. உடல் ஒன்றுதான், பாயும் பாய்மரத்தின் கீழ்த்துண்டும் மூன்று அளவில் வரும். இல்கா 4-க்கு 4.7 சதுர மீட்டர், இல்கா 6-க்கு 5.76, இல்கா 7-க்கு 7.06. 70 கிலோ எடையுள்ளவர் இல்கா 6-ல் தொடங்கலாம். ‘எனக்கு உயரம் இருக்கிறது, பெரிய பாயே கொடுங்கள்’ என்று கேட்க வேண்டாம். சில கிளப்புகளில் பிளாஸ்டிக் உடல் கொண்ட பிக்கோ போன்றவை இருக்கும். அவை மந்தமானவை, ஆனால் தூணில் மோதினாலும் கவலையில்லை.

உடுப்பு விஷயத்தில் சில எச்சரிக்கைகள். மோதிரம், காப்பு, கழுத்துச் சங்கிலி, இடுப்பிலோ மணிக்கட்டிலோ கட்டிய கயிறு எல்லாவற்றையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். ஓடும் கயிற்றில் மோதிரம் சிக்கினால் விரலின் தோலையே உரித்துவிடும். தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள் அதை இறுக்கமான நீச்சல் சட்டைக்குள் தள்ளி, அங்கியின் பட்டிகளுக்கு உட்புறமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளட்டும். இன்னொன்று, வெயிலுக்குப் பூசும் கிரீமைத் தொடையின் பின்புறத்திலும் உள்ளங்கையிலும் பூசாதீர்கள். படகின் ஓரம் வழுக்கும், கயிறு கையில் நிற்காது. மூடிய ரப்பர் காலணி கட்டாயம். சாய்தளங்களில் ஒட்டியிருக்கும் சிப்பி கத்திபோல் கிழிக்கும். அங்கியைப் போட்டுக்கொண்டபின் தோள்பட்டையை ஒருவர் மேல்நோக்கி இழுத்துப்பார்க்கட்டும். அது காதுவரை ஏறினால் அளவு பெரிது. மூன்று மணி நேரத்துக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

இல்காவைப் பூட்டும் வரிசை

டிராலியில் வைத்துப் படகின் மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்புங்கள். முதல் வேலை, பின்பலகையில் இருக்கும் நீர் வடியும் துளைக்கு அடைப்பான் போடுவது. இதை மறந்தால் படகு உடனே மூழ்காது. அரை மணி நேரம் கழித்துப் பின்புறம் கனத்து, காரணம் தெரியாமல் மந்தமாகும். கவிழ்ந்தால் உள்ளே புகுந்த தண்ணீர் ஒரு பக்கமாக உருண்டு, நிமிர்த்த விடாது.

பாய்மரம் இரண்டு துண்டு. மேல்துண்டைக் கீழ்த்துண்டில் செருகும்முன் இரண்டையும் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மணல் ஒரு சிட்டிகை இருந்தாலும் பிறகு பிரிக்க முடியாது. பாயின் உறைக்குள் மரத்தை நுழைத்து, பாயை விறைப்பாக வைக்கும் மூன்று பட்டைகளையும் அதனதன் பையில் செருகுங்கள், நீளமானதற்கு நீளமான பை. மரத்தைச் செங்குத்தாக நிமிர்த்தி, மேல்தளத்தில் உள்ள குழியில் இறக்க வேண்டும். அந்தக் குழியைக் கையை விட்டுத் துடைத்த பிறகே இறக்குங்கள். அங்கே கிடக்கும் மணல் மரத்தோடு சேர்ந்து சுழன்று அடித்தளத்தை அரித்து, நாளடைவில் ஓட்டை போட்டுவிடும். இல்காவுக்கு வரும் காயங்களில் செலவு வைப்பது அதுதான்.

பாயின் அடியோரத்தைத் தாங்கும் கிடைக்கழியான பூமை மரத்தில் மாட்டியபின் பாயின் பின்மூலையை அவுட்ஹால் கயிற்றால் இழுத்து, பூமோடு ஒட்டியிருக்கும்படி தனியாக ஒரு கட்டும் போட வேண்டும். பூமின் நடுவில் பாய்க்கும் பூமுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். முதல் நாட்களுக்கு இந்த அளவு எல்லாக் காற்றுக்கும் ஒத்துவரும். பூம் மேலெழாமல் கீழே இழுத்துப் பிடிக்கும் வாங் கயிற்றை மாட்டலாம், ஆனால் தண்ணீரில் இறங்கும்வரை தளர்வாக விடுங்கள். கரையிலேயே அதை இறுக்கினால் பாய் காற்றைப் பிடித்து டிராலியோடு படகைச் சாய்க்கும்.

பாயை இழுத்து விடும் கயிறான மெயின்ஷீட்டின் கடைசியில் எட்டு முடிச்சு. ராட்செட் கப்பி (ஒரு திசையில் மட்டும் சுழலும் கப்பி) நீங்கள் கயிற்றை உள்ளே இழுக்கும்போது டிக் டிக் என்று ஒலிக்க வேண்டும். ஒலிக்காவிட்டால் கயிறு தலைகீழாக ஓடக்கூடும். சுக்கானைப் பொருத்தும்போது, அதைத் திருப்பும் கைப்பிடியான டில்லர், பின்தளத்தில் குறுக்கே ஓடும் டிராவலர் கயிற்றுக்கு அடியில் போக வேண்டும். மேலே போட்டுவிட்டு, ‘ஏன் திரும்பமாட்டேன் என்கிறது’ என்று கடலில் போய்த் திகைப்பவர்களை ஒவ்வொரு வகுப்பிலும் காணலாம். சுக்கானைப் பூட்டும் சிறு தகடு ‘டக்’ என்று விழுந்ததா என்று மேல்நோக்கித் தூக்கிப்பாருங்கள். அது விழாவிட்டால் கவிழ்ந்த மறுகணம் சுக்கான் மிதந்து போய்விடும். படகின் நடுவே தண்ணீருக்குள் இறக்கும் பலகையான டேகர்போர்டின் ரப்பர் கயிற்றையும் முன்பக்கம் மாட்டுங்கள். படகு தலைகீழானால் போர்டு நழுவி விழாமல் பிடிப்பது அதுதான்.

ஆப்டிமிஸ்டில் சரிபார்க்க வேண்டியது மரத்தைப் படகோடு கட்டும் கயிறு, உள்ளே மூன்று காற்றுப் பைகள், தண்ணீர் அள்ளும் குவளை. குவளை கட்டப்பட்டிருக்க வேண்டும். கட்டாத குவளை முதல் கவிழ்ப்பிலேயே உபினுக்குப் போய்விடும்.

கையில் இருக்கும் கயிறு

முதல் பாடம் காற்றுக்குக் குறுக்காக இரண்டு மிதவைகளுக்கு இடையே எட்டு வடிவில் போய்வருவது. காற்று வரும் திசைக்கு இருபுறமும் சுமார் 45 பாகைக்குள் எந்தப் படகும் போகாது, பாய் படபடத்து நின்றுவிடும். மற்ற எல்லாத் திசையும் திறந்தது. படகு ஓடும்போது காற்று வரும் பக்கத்தில், டில்லருக்கு முன்னால் உட்காருங்கள். பின்கை டில்லரின் நீட்டுக்கம்பில், முன்கை மெயின்ஷீட்டில்.

பாயைச் சரிசெய்ய ஒரே விதி: முன்விளிம்பு படபடக்கும்வரை கயிற்றை விடுங்கள், படபடப்பு நிற்கும்வரை மட்டும் இழுங்கள். புதியவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் செய்யும் தவறு, நின்ற பிறகும் இழுத்துக்கொண்டே இருப்பது. இறுக்கிய பாய் பார்க்க அழகாக, வேலை செய்வதுபோல் தெரியும். ஆனால் காற்று அதன் பின்புறத்தில் ஒட்டி ஓடாமல் பிய்ந்துபோகும். படகு முன்னே போகாமல் பக்கவாட்டில் நழுவும். 4 நாட் காற்றில் இதுவே படகை நிறுத்திவிடும். பாயில் ஒட்டிய நூல்களைப் பாருங்கள். உங்கள் பக்கத்து நூல் துள்ளினால் கொஞ்சம் இழுங்கள், மறுபக்கத்து நூல் துள்ளினால் விடுங்கள். இரண்டும் பின்னோக்கிப் படுத்திருந்தால் தொடாதீர்கள்.

மெல்லிய காற்றில் உடம்பையும் பயன்படுத்த வேண்டும். முன்னால் நகர்ந்து உட்காருங்கள். பின்னால் உட்கார்ந்தால் பின்பலகை தண்ணீரில் இழுபடும். காற்று போகும் பக்கம் படகைச் சற்றே சாயவிடுங்கள். பாய் தன் எடையாலேயே வளைவை எடுத்துக்கொள்ளும், தண்ணீரில் உரசும் பரப்பும் குறையும். டில்லரை ஆட்டிக்கொண்டே இருப்பது பிரேக் போடுவதற்குச் சமம். பூனை நடையில் நகருங்கள், தடாலென்று எழுந்தால் பாயில் இருந்த கொஞ்சக் காற்றும் உதிர்ந்துவிடும்.

காற்று கூடினால் கதை திரும்பும். படகு சாயச் சாய, மூக்கு தானாகக் காற்றுப் பக்கம் திரும்பப் பார்க்கும். புதியவர் டில்லரை மார்போடு இழுத்து மல்லுக்கட்டுவார். மருந்து டில்லரில் இல்லை. கயிற்றை ஒரு முழம் விட்டால் படகு நிமிரும், டில்லர் உடனே இலகுவாகும். பிறகு வாங்கை இறுக்குங்கள்.

டேகர்போர்டு எதிர்காற்றில் முழுதும் கீழே, குறுக்குக் காற்றில் பாதி, பின்காற்றில் முக்கால் பங்கு மேலே. ஜைப் செய்யும்முன், அதாவது பின்காற்றில் பாயை மறுபக்கம் மாற்றும்முன், கொஞ்சம் தாழ்த்துங்கள், உயரத் துருத்தி நின்றால் பூமும் வாங்கும் அதில் இடிக்கும்.

டேக் செய்யும்போது, அதாவது மூக்கைக் காற்றின் ஊடாகத் திருப்பும்போது, வேகம் வேண்டும். எதிர்காற்றில் மிக ஒட்டிப்போய் ஊர்ந்துகொண்டிருக்கும் படகைத் திருப்பினால் பாதியில் நின்றுவிடும். பின்னால் ஆள் இருக்கிறதா பாருங்கள், டில்லரை முதலில் மெல்லவும் பிறகு அழுத்தமாகவும் தள்ளுங்கள். பூம் தலைக்கு மேல் வரும்போது குனிந்து, முன்னோக்கிப் பார்த்தபடி மறுபக்கம் போங்கள். டில்லரை முதுகுக்குப் பின்னால் பிடித்தபடியே உட்கார்ந்து, படகு ஓடத் தொடங்கிய பிறகே கைகளை மாற்றுங்கள். நடுவிலேயே கை மாற்றப் பார்த்தால் இரண்டும் நழுவும். நின்றுபோய்ப் படகு பின்னோக்கி நகர்ந்தால் பூமையும் டில்லரையும் ஒரே பக்கம் தள்ளுங்கள். மூக்கு விலகியதும் இரண்டையும் உங்கள் பக்கம் இழுங்கள்.

ஜைப்பில் இல்காவுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. பூம் தாண்டும்போது தொய்ந்த மெயின்ஷீட் பின்பலகையின் மூலையில் மாட்டிக்கொள்ளும். பாய் வெளியே போக முடியாமல் படகு காற்றுப் பக்கம் சீறித் திரும்பிக் கவிழும். பூம் நடுக்கோட்டுக்கு வரும் கணத்தில் கயிற்றை ஒரு சுண்டு சுண்டி உள்ளே எடுத்தால் மாட்டாது. காற்று பலமாக இருந்தால் ஜைப்பே வேண்டாம், சுற்றிவந்து டேக் செய்யுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

வழிவிடும் விதிகளில் முதல் நாளுக்கு இவ்வளவு போதும். பூம் இடப்பக்கம் இருப்பவருக்கு, பூம் வலப்பக்கம் இருப்பவர் வழிவிட வேண்டும். இருவருக்கும் ஒரே பக்கம் என்றால் காற்று வரும் பக்கம் இருப்பவர் விலக வேண்டும். முந்துகிறவர் ஒதுங்கிப் போக வேண்டும். ஃபெரியிடமும் கப்பலிடமும் உரிமை பேச வேண்டாம். அவற்றால் நிற்கவோ ஒடிக்கவோ முடியாது. நங்கூரமிட்ட கப்பலின் மறைவிலும் போகாதீர்கள். அங்கே காற்று செத்திருக்கும், ஓட்டம் மட்டும் உங்களைக் கப்பல் பக்கம் தள்ளும்.

கவிழ்ந்தால்

படகை விட்டு நீந்திப் போகக்கூடாது. மெயின்ஷீட்டைக் கையில் பிடித்தபடி பின்புறமாகச் சுற்றி டேகர்போர்டுக்குப் போங்கள். கயிறு கையில் இருந்தால் படகு உங்களை விட்டுப் போகாது. கயிறு எங்கும் இறுகியிருக்கக் கூடாது, வாங்கையும் தளர்த்துங்கள். போர்டைப் படகின் உடலை ஒட்டிப் பிடித்துத் தொங்குங்கள். நுனியில் ஏறி நின்றால் முறியும். எடை குறைந்தவர்கள் போர்டின் மேல் ஏறி, ஓரத்தைப் பிடித்துப் பின்னால் சாய வேண்டும். பாய் காற்று வரும் பக்கம் கிடந்தால் நிமிர்ந்த வேகத்தில் அது உங்கள் மேலேயே திரும்பக் கவிழும். மூக்கு காற்றுக்கு நேராகத் திரும்பும்வரை பொறுத்திருந்து நிமிர்த்துங்கள்.

நம் கரையோரத்தில் ஆழம் குறைவு, இல்கா 7-ன் மரமோ சுமார் 6 மீட்டர். முழுக்கத் தலைகீழானால் நுனி சேற்றில் குத்தி நிற்கும். அப்போது உந்திக் குதித்தால் மரம் வளையும். மெதுவாக, விடாமல் எடை கொடுங்கள், ஓட்டமே மரத்தை உருவ உதவும். ஐந்து நிமிடத்தில் அசையாவிட்டால் விசில் ஊதி மீட்புப் படகைக் கூப்பிடுங்கள்.

இடி

இல்காவின் மரம் பெரும்பாலும் அலுமினியம். சுற்றிலும் தட்டையான கடலில் உயர்ந்து நிற்பது நீங்கள் மட்டுமே. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்கும் குறைவு என்றால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை திரும்ப இறங்கக்கூடாது. கிளப்பின் எச்சரிக்கை ஒலிக்குக் காத்திருக்காமல், கறுத்த மேகம் கண்டதும் கரை திரும்புகிறவரே கெட்டிக்காரர். மெல்லிய காற்றில் ஒரு கிலோமீட்டர் திரும்பவே அரை மணி நேரம் பிடிக்கலாம்.

தென்மேற்குப் பருவத்தில் சுமாத்ரா புயற்காற்று விடியலுக்கு முன்பிருந்து நண்பகல் வரை வரும். மேற்கே அடிவானத்தில் ஒரு கறுப்புக் கோடு, காற்று திடீரென ஓய்தல், பிறகு சில்லென்று ஒரு வீச்சு. அடுத்து மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும். கரை எட்டாவிட்டால் மெயின்ஷீட்டை முழுதும் விட்டு, வாங்கைத் தளர்த்தி, படகின் நடுவில் தாழ்ந்து உட்காருங்கள். அதுவும் தாங்காவிட்டால் நீங்களே கவிழ்த்துவிட்டுப் படகைப் பிடித்துக்கொள்ளுங்கள், பாய் தண்ணீரில் கிடக்கும்போது படகு அதிகம் விலகிப் போகாது.

கரையேறிய பிறகு

அடைப்பானைக் கழற்றி மூக்கைத் தூக்குங்கள். ஒரு குவளை வடிந்தால் பரவாயில்லை, வாளிக் கணக்கில் வடிந்தால் எங்கோ கசிகிறது, கிளப்பில் எழுதிக்கொடுங்கள். கப்பிகளுக்கு நன்னீர் தாராளமாக ஊற்றுங்கள். பாய்மரத்தின் இரண்டு துண்டுகளையும் அன்றே பிரித்துவிட வேண்டும். உப்பும் அலுமினியமும் சேர்ந்து ஒரு வாரத்தில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். மேல்துண்டில் வளையம் பொருத்திய ரிவெட்டைச் சுற்றி நகத்தால் தடவிப்பாருங்கள். மயிரிழை விரிசல் அங்கேதான் தொடங்கும், பலத்த காற்றில் மரம் முறிவதும் அங்கேதான். பாயை நிழலில் காயவைத்துச் சுருட்டுங்கள். ஈரத்தோடு பையில் திணித்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் கரும்புள்ளி விழுந்துவிடும், பிறகு போகாது.

பழைய படகு வாங்கும் ஆசை சீக்கிரமே வரும். அப்போது பாயின் வெண்மையைப் பார்த்து மயங்காதீர்கள். மரம் இறங்கும் குழியில் தண்ணீரை நிரப்பிப் பத்து நிமிடம் காத்திருங்கள், மட்டம் இறங்கினால் வேண்டாம். குழியைச் சுற்றியும் உட்காரும் ஓரத்திலும் கட்டைவிரலால் அழுத்துங்கள். மெத்தென்று உள்ளே போனால் உள் அடுக்கு பழுதாகிவிட்டது. இரண்டு பேர் தூக்கிப்பார்த்து முக்கினால் 59 கிலோ எப்போதோ தாண்டிவிட்டது என்று பொருள். எல்லாம் சரியாக இருந்தாலும் பணம் கொடுக்கும்முன் கிளப்பில் நிறுத்த இடம் உண்டா, மாதம் எவ்வளவு என்று கேளுங்கள். வீவக நடைபாதையில் 4.2 மீட்டர் படகை வைக்க நகர மன்றம் விடாது.